கட்டம் பதினான்கு

மேலே அணைந்து நாற்பது நாளாயிற்று.
தீயணைப்பு வண்டிகள் குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டன.
சுங்கை மெராவான் கடைத்தெருவில் முகக்கவசம்
மறுபடி ஐந்து வெள்ளிக்கு மூன்று பெட்டி.

நாங்கள் இப்போதுதான் உள்ளே போகிறோம்.
அளவை நாடாவோடு நான்,
இரும்புக் கம்பியோடு அஸ்மான்,
குடையோடு வன அதிகாரி நோர்லைலா.

செம்பனை முடிகிற இடத்தில் ஒரு கால்வாய்.
அதற்கு அந்தப் பக்கம் சதுப்புக்காடு
இருந்தது என்று எழுதுவதா
இருக்கிறது என்று எழுதுவதா.
படிவம் அதைக் கேட்கவில்லை.
விழுக்காடு கேட்கிறது.

இருபதுக்கு இருபது மீட்டர்.
மூலைக்கொரு சிவப்பு நாடா.
நிற்கும் மரம் முப்பத்தொன்று.
பச்சையாய் இருப்பவை பத்தொன்பது.
"பச்சைய நம்பாதே" என்று அஸ்மான்
ஒரு மெராந்தியைத் தோளால் தள்ளுகிறான்.
இலைகளோடு, ஓர் எறும்புக்கூட்டோடு
சாய்ந்து படுத்துக்கொள்கிறது.
வேர் இருந்த இடத்தில்
கை நுழையும் பொந்துகள், வெள்ளைச் சாம்பல்.
அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதினேன்.
பிறகு பென்சிலுக்கு மாறினேன்.

எங்கள் தோட்டத்துத் தீமிதியில்
ராத்திரி முழுக்க எரித்த குழியில்
மறுநாள் காலை கோழி மேயும்.
இந்த மண் அப்படியில்லை.
முழங்கை ஆழம் செருகிய கம்பியை உருவி
என் புறங்கையருகே காட்டினான்.
கீழே இன்னும் உலை கொதிக்கிறது,
யாருக்கோ.

மதியம், கால்வாய்க் கரையில் சோற்றுப் பொட்டலம்.
எஸ்கவேட்டர் ஓட்ட வந்தவர் வீரபத்திரன்.
"இத வெட்டினதே நான்தான், டீச்சர்."
கையில் நோட்டு இருப்பவர் எல்லாம் அவருக்கு டீச்சர்.
"தொண்ணூத்தெட்டுல. தண்ணி வடியணும்னாங்க.
வடிஞ்சிருச்சு லா. நல்லாவே வடிஞ்சிருச்சு.
இப்ப அடைக்கணுமாம்.
வெட்டினதவிட அடைக்கறதுக்குக் கூலி ஜாஸ்தி."
அவர்தான் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டு
கோப்பி ஓ நிறத் தண்ணீரில் கை கழுவினார்.

மீட்புத் திட்டம், பக்கம் இரண்டு.
முதலில் மரம் இல்லை, தண்ணீர்.
ஏழு இடத்தில் தடுப்பு.
ஒரு சாண் ஆழத்துக்கு நீர்மட்டம் ஏறிய பிறகே
மஹாங் நாற்று, அது வெயில் தாங்கும்.
அதன் நிழல் வந்தால் மற்றவை.
எத்தனை ஆண்டு என்ற இடத்தில் நோர்லைலா
ஐந்து என்று எழுதி, அடித்து,
முப்பது என்று எழுதி,
பட்ஜெட் கூட்டத்தை நினைத்தாரோ என்னவோ
மறுபடி ஐந்து.

தோட்ட மானேஜர் போனில் கத்தியது
எங்கள் எல்லோருக்கும் கேட்டது.
தடுப்புப் போட்டால் அவருடைய கடைசி நிரைகளில்
தண்ணீர் நிற்குமாம், குலை குறையுமாம்.
உண்மைதான்.
அந்த நிரைகளில் குலை வெட்டுபவர் என் கணவர்.
டன்னுக்குத்தான் சம்பளம்.

"எத்தன நிரை?" என்றார் இரவு.
"ஆறு. எட்டாவும் இருக்கலாம்."
ஒன்றும் சொல்லவில்லை.
தன் பூட்ஸை வாசலில் வைத்தார்.
என்னுடையதை எடுத்து அடிப்பக்கம் தொட்டுப் பார்த்து
ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி
சுவரைவிட்டுத் தள்ளி வைத்தார்.