போய் வருகிறேன்

யேடன் குன்றில் காற்று குடியிருக்கிறது.
லீட்ஸில் இறங்க வருகிறவர்கள்
முதலில் அதன் கதவைத் தட்ட வேண்டும்.

அன்று ஐந்நூறு அடியில்
வேகம் பதினெட்டு நாட் கூடுதல்.
சொல்லியிருக்க வேண்டியது ஒரே சொல்.
நான் "ஸ்பீட்" என்றேன்.
"பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்
கேப்டன் ஆர்மன்ட்ராய்ட்.
பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் இருவரும்.
ஓடுதளம் கைக்கெட்டும் தூரத்தில்,
ஈரத்தில் விளக்குகள் இரட்டை இரட்டையாய்,
பின்னால் அலிகான்டே வெயிலைத்
தோலில் சுமந்த நூற்று எழுபத்து நான்கு பேர்
மனத்தால் ஏற்கெனவே இறங்கி
பெட்டிக்குக் காத்து நின்றார்கள்.

கடைசி விளக்குக்குச் சற்று முன்னால் நின்றோம்.
பிரேக்குகள் அரைமணி நேரம் கொதித்தன.
யாரோ கைதட்டினார்கள்.
பிழையைப் போர்த்த
அதைவிட நல்ல துணி கிடையாது.

பயமா என்றால், இல்லை.
நிறுத்தம் வருவதைக் கண்டு
எழுந்து நிற்கிறவரை
மறுபடி உட்காரச் சொல்வது போல ஒரு கூச்சம்.
இன்னும் இருபது நொடி,
அவ்வளவுதானே என்று தோன்றும்.
அந்த அவ்வளவுதானேயில்
எத்தனை விமானங்கள் ஓடுதளத்தைத் தாண்டிப்
புல்லில் போய் நின்றிருக்கின்றன.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை க்ராலியில்
கிடங்கு போன்ற ஒரு கட்டடத்துக்குள்
ஆறு கால்களில் நிற்கும் பெட்டியில் ஏறுவோம்.
அங்கே மறுசுற்றுக்கு முகூர்த்தம் உண்டு.
இடது என்ஜின் செத்திருக்கும்,
இருநூறு அடியிலும் மேகம் விலகாது,
மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை போல
எல்லோருக்கும் தெரிந்தே வரும்.
நாமும் மாலையோடு நிற்போம்.
தேர்ச்சி. கையெழுத்து. காபி.

யேடனிலோ இரண்டு என்ஜினும் உயிரோடிருக்கும்,
டேங்கில் கொஞ்சமே எண்ணெய்,
உடம்பு லேசு.

இந்த முறை டீர்னனிடம் கேட்டேன்:
"எப்போது என்று சொல்லாமல் கொடு."
அவள் படிவத்தைப் பார்த்தாள்,
கடிகாரத்தைப் பார்த்தாள்.
நிரப்ப வேண்டிய கட்டங்கள் போக
மிச்சம் நாற்பது நிமிடம்.

ஆயிரத்து முந்நூறு அடியில் கொடுத்தாள்.
உந்துவிசை முதுகில் அறைந்தது.
காதுக்குள் ஒரு சொட்டு நீர்
"மல்லாந்து விழுகிறாய்" என்றது.
பொய்.
உடம்பு சொல்லும் பொய்யை உடம்பே நம்பும்.
கை மூக்கைக் கீழே தள்ளப் பார்த்தது,
அதற்குள் சக்கரம், ஃபிளாப், திசை, கோபுரத்தின் குரல்
எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்தன.
இரண்டாயிரத்தில் நிற்க வேண்டியவள்
இரண்டாயிரத்து எழுநூறில் மூச்சு வாங்கினேன்.

மறுபடி, நாற்பது அடியில்.
மறுபடி, சக்கரம் தரையைத் தொடும் நொடியில்.
நான்காவதில் கை அவசரப்படவில்லை.

பிறகு விமானத்தை அந்தரத்தில் உறையவைத்து
"சொல்லை மட்டும் சொல்" என்றாள்.
"கோ-அரவுண்ட்?"
என் குரலின் நுனியில் ஒரு கேள்விக்குறி.
மறுபடி.
கேள்விக்குறி.
மறுபடி.

வாசலைத் தாண்டும்போது
'போகிறேன்' என்று சொல்லாத மொழி என்னுடையது.
வெம்ப்ளியில் முக்குக் கடைக்குப்
பால் வாங்கப் போனாலும்
போய் வருகிறேன்.
இருபத்தொன்பது வருடம் இதைச் சொன்னவளுக்குத்
தரைக்கு நூறு அடி மேலே
ஏன் வாய் ஒட்டிக்கொண்டது?
திரும்ப எழுவது தோற்பது என்று
எந்த மொழியில் படித்தேன்?

நவம்பரில் அதே குன்று,
அதே ஆர்மன்ட்ராய்ட்.
ஐந்நூறு அடி. பதினோரு நாட் கூடுதல்.
சொன்னேன். முற்றுப்புள்ளியோடு.
அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கை மட்டும் முன்னே போனது.
லீட்ஸின் விளக்குகள்
எங்களைக் கீழே இறக்கிவிட்டது போல் சிறுத்தன.

இரண்டாம் முறை எல்லாம் சரியாயிருந்தும்
காற்று கதவைத் திறக்கவில்லை.
மான்செஸ்டரில் இறங்கி
மழையில் பேருந்துக்குக் காத்திருந்தோம்.
பதினான்காம் வரிசைக்காரர் ஒருவர்
யேடனில் தன் காருக்கு
வாடகை ஓடுவதாகச் சண்டை போட்டார்.
நியாயம்தான்.

முதல் முறை ஏன் எழுந்தோம் என்று
படிவம் கேட்டது.
ஆர்மன்ட்ராய்ட் 'காற்று' என்று எழுதினார்.
பேனாவைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடித்திருந்தார்.
பிறகு அதை அடித்துவிட்டு
எங்கள் வேகத்தை எழுதினார்.