நானூறு சதவீதம்

பிளாஸ்டிக் உறைக்குள் இன்னொரு உறை,
அதற்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் பழைய பபிள்கம் அட்டை.
பச்சைக் குழந்தையைத் தருகிற மாதிரி
இரண்டு கையாலும் தந்தார் குணபூஷணம் சார்.
'விரல் படக்கூடாதும்மா. ஓரத்தைப் பிடி.'

பெரிய வாய்க்கால் பக்கம் எங்கள் ஜெராக்ஸ் கடை.
ஆதார், பட்டா, இறப்புச் சான்றிதழ்,
பிரெஞ்சுப் பென்ஷன்காரர்கள் வருஷாவருஷம் அனுப்பும்
உயிரோடிருக்கிறேன் என்கிற காகிதம்,
எல்லாம் படுத்தெழுந்த கண்ணாடிமேல்
குப்புறப் படுத்தான்
ஆல்பேர் அமலோர்.

உப்பளம் மைதானம், எண்பத்து நாலு.
சட்டை அவனுக்கு இரண்டு சுற்று பெரிது.
ஆட்டம் தொடங்கவில்லை போல,
காலடியில் பந்து சும்மா கிடக்கிறது.
அப்புறம் கல்கத்தா, கோவா, முழங்கால் ஆபரேஷன்.
அவன் படம் போட்ட அட்டைகள்
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிலோக்கணக்கில் கிடைக்குமாம்.
இது முதல் சீசன்.
பெயர் 'அமலேர்' என்று தப்பாய் அச்சாகி
கம்பெனிக்காரன் பாதியில் நிறுத்தியது.
ஊரில் மூன்றுதான் மிச்சம்.
அந்தத் தப்புக்குத்தான் விலை என்றார் சார்.

'ஆனா பாரு, தோளுக்குப் பின்னாடி ஒரு கறை.
வாங்குறவன் மும்பையில இருக்கான்,
போட்டோ கேக்குறான்.
அதை மட்டும் துடைச்சிடு.'

நூறு சதவீதத்தில் கறைதான்.
ஈ உட்கார்ந்து எழுந்த மாதிரி.
இருநூறில் ஒரு மூட்டை.
முந்நூறில் மூட்டைக்குக் கால் முளைத்தது.
நானூறில்
தலையில் துண்டு, தூக்கிக் கட்டிய கைலி,
வலது கையில் வாளி.
இடது கையால் சுண்ணாம்பு தூவி
எல்லைக்கோடு போட்டபடி
குனிந்து வருகிறார் ஓர் ஆள்.

கன்னியப்பன். நகராட்சி தினக்கூலி.
சோறும் இடக்கையால்தான் தின்பார்
என்று அத்தைமார் இன்றும் குறை சொல்வார்கள்.
எனக்கு இரண்டு வயதில் போனவர்.
வீட்டில் இருந்த ஒரே போட்டோ
யார் கல்யாணத்திலோ எடுத்தது,
மூன்றாம் வரிசை,
பாதி முகத்தை மாப்பிள்ளை மாலை மறைத்திருக்கும்.
மீதிப் பாதியைத்
தானே புயல் கூரையோடு கொண்டுபோனது.

'என்னம்மா, முடியாதா?'
'முடியும் சார்.'

துடைத்தேன்.
பக்கத்துப் புல்லை அள்ளித் தலைமேல் ஒட்டினேன்,
அப்புறம் முதுகின்மேல்,
அப்புறம் அந்தக் கை.
வாளிக்கு மட்டும் மவுஸ் இரண்டு முறை நழுவியது.
கோட்டை விட்டுவிட்டேன்.
இப்போது அந்தப் படத்தில்
யாருமே போடாத ஒரு கோடு
தானாக வந்து
பாதிப் புல்லில் நிற்கிறது.

'பிரமாதம்! ஒருத்தன் கண்டுபிடிக்க முடியாது.'
அறுபது ரூபாய்க்கு நூறு கொடுத்து
மீதியை வைத்துக்கொள்ளச் சொன்னார்.
வைத்துக்கொண்டேன்.
துடைக்காத கோப்பையும்.

பெரிய தாளில் அச்செடுத்து
ராத்திரி சுவரில் ஒட்டினேன்.
கிட்டே போனால் ஆள் இல்லை, புள்ளிகள்.
நீலம், சிவப்பு, மஞ்சள், நடுவில் கொஞ்சம் கறுப்பு.
அம்மாவுக்குக் கண்புரை
ஒரு பக்கம்தான் எடுத்திருக்கிறது.
ஒட்டி நின்று பார்த்தாள்.
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு
அடுப்படி வாசல்வரை பின்னாலேயே நடந்தாள்.
துண்டைப் பற்றி, கைலியைப் பற்றி
ஒன்றும் பேசவில்லை.

'கயிறு கட்டாமயே எவ்ளோ நேரா வந்திருக்கு பாரு கோடு.
அவருதான்.'

குக்கர் விசில் அடித்தது. போய் அணைத்துவிட்டு வந்தாள்.
மறுபடி பார்த்தாள்.

'ஓரத்துல யாரோ ஒரு பையன் தோளு தெரியுதே,
யாரு அது?
அதை மட்டும் துடைச்சிடு.'