ஓட ஓட

பத்து நாள் விட்டுட்டுப் போங்கக்கா,
குடல் முழுக்க இறக்கிப் பார்க்கணும்
என்றார் றபாய்தீன்.
பத்து நாளும் இந்த ஆறு கட்டி ஐஸை
யார் தலையில் ஏற்றி
இறக்கக்கண்டிக்கு அனுப்புவது?
கடைசியில்
ராவில் ஒன்றைக் கழற்றுவது,
விடிய நாலரைக்குள் வேறொன்றைப் பூட்டுவது
என்று முடிவாகிற்று.

முதலில் டைனமோ போனது.
அதன் இடத்துக்கு ஓல்டனேட்டர்,
பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்
சிங்களப் பேப்பர் சுற்றி
கண்டக்டரின் காலடியில் வந்தது.
இந்த மொறிஸைச் செய்தவன்
நேர்முனையை உடம்போடு கட்டியிருந்தான்.
அறுபது வருடம் ஒரு பக்கம் பாய்ந்த மின்சாரம்
ஒரு செவ்வாய் இரவில் மறுபக்கம் திரும்பிற்று.
அம்ப் மீட்டருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.
சார்ஜ் ஏறும்போது இறங்குது என்று காட்டும் முள்.
வயரை மாத்தி விடவா என்றார்.
கிடக்கட்டும்,
என்ர கணக்குக் கொப்பியும் அப்படித்தான் என்றேன்.

பிரேக்குக்கு ஒரு ராவு போதவில்லை.
வலது சில்லுக்குப் புது டிஸ்க்,
இடதுக்குப் பழைய டிரம்.
மூன்று நாள் அப்படியே ஓடினேன்.
மிதித்தால்
போகும்போது கடலுக்கு இழுத்தது,
திரும்பும்போது களப்புக்கு.
ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் பிடித்துப் பிடித்து
சரியான பிறகும் என் கை
இல்லாத இழுவைக்கு இன்னும் மல்லுக்கட்டுகிறது.

நிலாவெளியில் ஒரு வெள்ளைக்காரன் மறித்தான்.
கிளாசிக், கிளாசிக் என்று
சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான்.
பின்பலகை இடுக்கால் சூடைமீன் தண்ணி
அவன் செருப்பில் சொட்டியதை
நான் சொல்லவில்லை.

பிறகுதான் அந்தக் கறுப்புப் பெட்டி.
இனிப் பொயின்ட் இல்லை, கொண்டென்சர் இல்லை,
சாவியைத் தொட்டாலே பிடிக்கும்.
பிடித்தது. பொய் சொல்லக்கூடாது.
ஒன்றரை மாதம்
ஐஸ் பக்டரி வோச்சர் எழும்புமுன்
நான் கேற்றில் நின்றேன்.

ஆடி மாதம், கச்சான் அனலாய் வீச,
இறக்கக்கண்டிப் பாலத்து நடுவில்
எந்தச் சத்தமும் போடாமல் நின்றது.
பொனட்டைத் தூக்கினேன்.
பெட்டியில் விரல் வைக்க முடியவில்லை.
பின்னால் மூன்று பஜாஜ் ஹோர்ன்,
ஒரு புல்மோட்டை பஸ்.
சாக்கைக் கிழித்தேன்.
விற்க வைத்த ஐஸில் ஒரு சில்லு உடைத்து
சீலைத்துண்டில் முடிந்து
பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு
பத்து வரை எண்ணினேன். நூறு வரை எண்ணினேன்.
பிடித்தது.
பாலம் முடியும் வரைக்கும்தான்.

அந்தக் கரையில், ஒரு பூவரச நிழலில்,
டாஷ்போர்டுக்குள் கிடந்த நெஸ்டமோல்ட் டின்னைத் திறந்தேன்.
பழைய பொயின்ட், பழைய கொண்டென்சர்,
இரண்டு ஆணி.
இடைவெளி அளக்கத் தகடு இல்லை.
டிலோஜினியின் கல்யாணக் கார்ட் இருந்தது.
நல்ல தடிப்பான கார்ட்,
தகப்பன் கடன்பட்டு அடித்தது.
ஓரத்தைக் கிழித்து இடையில் செருகி
இழுத்தால் லேசாக உரசும் அளவுக்கு
ஆணியை இறுக்கினேன்.
இருமியது. பிறகு தன் பழைய குரலில்
தடதடத்தது.

ஆறு கட்டி நாலரையாய்ப் போய் இறங்கிற்று.
முஸம்மில் கட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
நாலுக்குத்தான் காசு தந்தார்.

இரவு போன் எடுத்துக் கத்தினேன்.
றபாய்தீன் முழுக்கக் கேட்டார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
ஐஸ் வெச்ச பொறகு
எவ்வளவு தூரம் ஓடிச்சுக்கா?
பாலத்தில் பாதி என்றேன்.
பாதி, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்,
எழுதி வைப்பது போல.
அப்ப வெக்கைதான்.
எஞ்சினை விட்டுத் தள்ளி, காத்துப் படுற பக்கம் பூட்டுவம்.
டின்னை மட்டும் எறிஞ்சிராதீங்க.

அடுத்தது கியர்பொக்ஸ்.
டட்சனில் இருந்து கழற்றிய ஐந்து கியர்,
எண்ணெய் வடிய அவர் கடை மூலையில் கிடக்கிறது.
அதுக்கு ரெண்டு ராவு வேணும் என்கிறார்.
ஒன்று என்கிறேன்.
கலண்டரைப் புரட்டுகிறேன்.
வெள்ளிக்கிழமை பறுவம்.
நிலவுக்கு வள்ளம் இறங்காது,
ஐஸும் கேட்க மாட்டார்கள்.