காகிதக் கூடு

முதலில் கிராம்பு.
எலுமிச்சையைக் குறுக்கே அறுத்து
பிளந்த முகத்தில் பதினொன்று குத்தி
மேசையின் மூலைக்கொன்றாக வைத்தேன்.
குளவிகள் வந்தன, சுற்றிப் பார்த்தன,
எலுமிச்சைக்கு மரியாதை செய்துவிட்டு
அன்னாசியில் உட்கார்ந்தன.

தாம்போன், பதினாலாம் கிலோமீட்டர்.
எங்கள் இடத்துக்குப் பெயரே அவ்வளவுதான்,
சாலை அளந்தவன் களைத்துப்போய் வைத்தது.
ஞாயிறுதோறும் வராந்தாவில் பன்னிரண்டு பேருக்குச்
சோறு போட்டுக் காசு வாங்குகிறேன்:
கோழிக் கறி, பருப்பு, தக்காளி ருகாய்.
கடற்கரையிலிருந்து ஏறி வருகிறவர்கள்
குளிருக்கு ஒரு சட்டை கொண்டுவருகிறார்கள்,
குளவிக்கு ஒன்றும் கொண்டுவருவதில்லை.
போன மாதம் லியோன்காரர் ஒருவர்
கோப்பையோடு எழுந்து ஓடினார்,
பணம் கொடுக்காமல்.

அடுத்து காப்பிச் சக்கை.
உலர்த்தித் தகர மூடியில் கொளுத்தினால்
எரியாது, புகையும். புகைந்தது.
விருந்தாளிகள் இருமினார்கள்.

பிறகு ஜெரானியம் எண்ணெய்.
மேட்டில் இன்னும் காய்ச்சுகிற வீட்டில்
விரல் நீளக் குப்பி ஒன்று வாங்கி
வினிகரில் கலக்கி
உத்தரத்தில், நாற்காலிக் காலில், கதவிடுக்கில்
தெளித்தேன். இது கேட்டது.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் மழை கழுவிக்கொண்டு போனது.

வேலிக்கு மேலே தலை நீட்டுவார்
பக்கத்து வீட்டு ஒக்தாவ் சினிமாலே.
"ஏன் விரட்டுகிறாய்? கூட்டைக் கண்டுபிடி.
புழு கொழுத்திருக்கும் மாதம்.
வாணலியில் போட்டு, உப்பு, பச்சை மிளகாய்..."
கண்ணை மூடிக்கொள்வார்.
பாதி உனக்கு, பாதி எனக்கு என்பார்,
இன்னும் யாரும் பார்க்காத கூட்டில்.

கடைசியாக யாரோ சொன்னது:
ஒரு கூடு தொங்கும் இடத்தில்
இன்னொரு கூட்டம் குடியேறாதாம்.
பழுப்புக் காகிதப் பையை ஊதிக் கசக்கி
கைக்குக் கிடைத்ததை உள்ளே அடைத்தேன்.
கிடைத்தவை, கோவில் மண்டபத்துச் சனிக்கிழமை வகுப்பில்
நாற்பத்தாறு வயதில் நான் எழுதிய தாள்கள்.
ஒரு பக்கம் முழுக்கக் குளவி.
மறு பக்கம் முழுக்கக் குழவி.
ஒன்று கொட்டும். ஒன்று பால் குடிக்கும்,
அம்மியில் உருளுவதும் அதுதான்.
கண்ணுக்கு வேறு வேறு, என் நாக்குக்கு ஒன்றே.
நாலு தலைமுறை கிரியோல் மென்ற நாக்கு
அந்த எழுத்துக்கு மடங்குவதில்லை.

பையை உத்தரத்தில் கட்டினேன்.
அந்த ஞாயிறு எண்ணினேன்: நான்கு.
முந்தைய ஞாயிறு எண்ண முடியவில்லை.
பையாக இருக்கலாம்.
குளிர் தொடங்கிவிட்டதாகவும் இருக்கலாம்.

செவ்வாய் இரவு நாய் குரைத்தது.
வராந்தாவில் புகை, ஏணி,
தலையில் சாக்கு மாட்டிய உருவம்.
விளக்கைப் போட்டேன்.
ஏணிமேல் ஒக்தாவ்,
ஒரு கையில் புகையும் கந்தல்,
மறு கையில் என் பை.
பயத்தில் இறுக்கிவிட்டார் போல, கிழிந்து
தாளெல்லாம் அவர்மேல் கொட்டின,
குளவியும் குழவியும்.
தமிழில் அதற்கும் கொட்டுவது என்றுதான் சொல்வோம்.

ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
"என்ன எழுதியிருக்கிறது?"
வாசித்தேன், இரு பக்கமும்.
"ஒன்றையே இரண்டு முறை சொல்கிறாய்."
"இல்லை" என்றேன்.
சாக்கைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார்.

ஏணியை எடுக்க வரவில்லை. வெட்கம்.
ஞாயிறு காலை மேசை விரிக்கும்போது பார்க்கிறேன்,
மூன்றாம் படிக்கு அடியில்
சட்டைப் பொத்தான் அளவில் சாம்பல் நிறம்,
கவிழ்த்த தாமரைக் காய்போல நாலே அறை.
ஒருத்தி மட்டும்.
ஏணி மரத்தைச் சுரண்டி, எச்சிலில் மென்று,
மென்றதை விளிம்பில் ஒட்டுகிறாள்.
காகிதம் செய்கிறாள்.
அவசரமில்லை. சரியாக வரும்வரை மெல்கிறாள்.

குப்பி என் கையில்.
மூடி இன்னும் திறக்கவில்லை.
பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு பேர்.
இப்போது பத்தரை.