அறுபத்துநாலு வரை

கந்தளாயில் மூன்று பல் வைத்தியர்களுக்கு
ஊசியும் பசையும் விற்றுத் திரும்புகையில்
தம்பலகாமச் சந்தியில் ஏசியை நிறுத்தினேன்,
பாலம்போட்டாற்றில் ரேடியோவை,
அநுராதபுரச் சந்தி வந்தபோது
மூச்சையும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.
ஏழு வீதம்.

சீனன்குடாத் திக்கில், பற்றைக்குள்,
வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள்.
ஒரு கடற்படைக்கே ஊற்றக் கட்டியவை.
அதிலிருந்து ஒரு சொட்டும் எனக்கு உதவாது.
எனக்கு வேண்டியது உட்துறைமுக வீதியில்
ஹோட்டல் மதிலோடு நிற்கும் ஒரேயொரு மெசின்.
வீட்டில் ஏற்றலாம்தான்;
உப்புவெளியில் நான் இருப்பது மேல்மாடி,
வீட்டுக்காரருக்கோ மீட்டர் சுற்றினால் தலை சுற்றும்.

மெசினில் இன்னொருவன் கார்.
வெள்ளை. கதவெல்லாம் வேறு ஊர்ச் செம்மண்.
உள்ளே ஆளில்லை.
வைப்பருக்கடியில் ஒரு துண்டு,
சிங்களத்தில் இரண்டு வரி, கீழே தொலைபேசி இலக்கம்.
வரியை எழுத்துக்கூட்டிப் பார்த்து விட்டுவிட்டேன்;
இலக்கம் எல்லாருக்கும் பொது.

"ஹெட்ட ஹதர" என்றான் எதிர்முனையில்,
பின்னால் மீன்சந்தை இரைச்சல்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
அது நாளை, நாலு.
நாளைக்கு நாலு மணி வரைக்குமா என்று
குரலை உயர்த்திவிட்டேன்.
அவன் நிறுத்தி,
படிக்கட்டு இறங்குகிறவன்போல்
ஆங்கிலத்தில் சொன்னான்:
சிக்ஸ். ஃபோர்.
அறுபத்துநாலு வந்தால் கழற்றிப் போடுங்கோ மிஸ்,
ஹபரணைக்கு அது காணும்,
நான் கருவாடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

அப்படித்தான் முகம் தெரியாத ஒருவனின் எண்ணுக்கு
நான் காவலிருக்கத் தொடங்கினேன்.
நாற்பத்தொன்பது.
இந்தச் சூட்டில் பற்றரிக்கும் சோம்பல்.
ஐம்பது.
மான் ஒன்று மதிலோரம் வந்து
கேபிளை முகர்ந்து, தின்னக்கூடியதல்ல என்று முடிவெடுத்து,
என் பில் புத்தகத்தின் மட்டைக்கு வாயைக் கொண்டுபோனது.
இந்த ஊரில் மான்களுக்கு வரிசை கிடையாது.
மற்ற எல்லாருக்கும் உண்டு.
அந்த ஆண்டு பெற்றோலுக்காக மூன்று நாள்
காருக்குள்ளேயே தூங்கி எழும்பிய பிறகுதான்
இதை வாங்கினேன்,
இனி வரிசையே இல்லையென்று.
ஐம்பத்தாறு.

அவனுடைய ஐம்பத்தாறை
என்னுடைய ஏழு பார்த்துக்கொண்டிருந்தது.
கழற்றலாம். யார் கேட்பது?
காவலாளி நிசார்தீன் அஸர் தொழப் போயிருந்தார்.
கைகூடப் போனது.
ஆனால் ஒருவன் எண்ணைச் சொல்லிவிட்டுப் போனால்
அது சாவியைத் தந்துவிட்டுப் போனது மாதிரி.

அறுபத்தொன்றில் கரண்ட் போனது.

ஹோட்டல் விசிறிகள் நின்றன.
சுனிமல் வந்தான், அதுதான் பெயர்,
இரண்டு கையிலும் பொதி.
எத்தனை குறைகிறது என்று
மூன்று விரலால் காட்டினேன்.
மூன்றில் என்ன இருக்கிறது என்று அவன் சிரிக்கவில்லை.
காட்டுவழி, இருட்டு, யானை.
என் முன்னால் தன் விரல்களை
ஒவ்வொன்றாய் மடித்தான்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் திரும்பியது.
மெசின் நடந்ததெல்லாம் மறந்து
புதிதாகக் கார்ட் கேட்டது.
அவனுடையதில் மிச்சமில்லை.
என்னுடையதை வைத்தேன்.
அந்த மூன்று வீதம் எவ்வளவு வந்தது?
ஒரு பிளேன்ரீ, ஒரு வடை.
அவன் சில்லறை தேடினான், நான் தலையாட்டினேன்,
இரண்டு பேருக்கும் மொழி அத்தோடு தீர்ந்தது.

என் கார் ஜப்பானில் பிறந்தது.
மெசினில் மாட்டிவிட்டு உள்ளே ஏறிச் சாவியைத் தொட்டால்
ஒரு பெண் ஏதோ சொல்வாள்,
இரண்டு வருசமாய் எனக்கு விளங்காதது.
அன்றைக்கு முதல்முறையாய்ப் பதில் சொன்னேன்:
ஹெட்ட ஹதர.

பின்சீற்றில், நான் பார்க்காத நேரம்,
கட்டாக் கருவாடு ஒரு பொதி
வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
இப்போதெல்லாம் பல் வைத்தியர்கள்
என் கார்க் கதவு திறக்கும்போதே
முகமூடியை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள்.