கூட்டல் இரண்டு

மாநகராட்சிக்கு ஒரு கணக்கு வேண்டுமாம்:
ஐந்தாண்டில் யார், எந்த நாள், எந்த வரியைத் தொட்டீர்கள்.
பேருந்து நிறுத்தப் பலகையில்
'இன்னும் நான்கு நிமிடம்' என்று
பாதி மெய்யும் பாதிப் பொய்யும் சொல்கிற நம் நிரலுக்கு.

கூட்டுறவில் ஆறு பேர், அவரவர் வீட்டில்.
வேலை என் தலையில் விழுந்தது.
ஜூலை. மோன்டெவிடியோவில் தெற்குக் காற்று
ஜன்னல் இடுக்கில் கத்தி தீட்டுகிறது.
பிளாஸ்க்கில் வெந்நீர், கையில் மாத்தே சுரைக்குடுவை.

களஞ்சியம் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது.
புகார்களைத்தான் வழங்கி நூறு நூறாய்க் கிள்ளிக் கொடுத்தது.
அறுபதாம் பக்கத்தில்,
போதும், ஒரு மணி கழித்து வா என்றது.

வாசலில் நிற்கவைத்த நேரத்தில் அட்டவணைகளை வரைந்தேன்.
மனிதர். கமிட். புகார்.
கமிட்டுக்கு ஓர் அயல் சாவி:
வேறோர் அட்டவணையில் உனக்கு இடம் இருந்தால்தான்
இங்கே உன் வரிசை நிற்கும்.

எட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில்
தரவுத்தளம் கையை விரித்தது.
இந்த மின்னஞ்சலில் மனிதரே இல்லை என்றது.
பார்த்தால் பெயர் உன்னுடையது, எபெர்.
முகவரி மட்டும் புதிது.
பக்கத்தில், தேதிக்கு வாலாக,
கூட்டல் இரண்டு.

நாம் கழித்தல் மூன்று.

ஏப்ரல் பதினொன்று அது.
பில்பாவோவில் இருக்கிறேன் என்று நீ வாய் திறந்தது
சென்ற செவ்வாய்க்கிழமை.
இடையில் மூன்று மாதம்.
'இங்கேயும் குளிர் தாங்கல' என்று எழுதினாய்.
ராம்ப்லாவில் அலை சாலைக்கு ஏறிய அன்று
'என் ஷூவெல்லாம் நனைஞ்சு போச்சு' என்றுகூட எழுதினாய்,
எந்த ஷூவோ.
மடிக்கணினிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.
இறங்கிய அன்றே கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டு
ஒவ்வொரு கமிட்டிலும் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டது.

கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான்.
பிறகு ஒப்பந்தத்தின் பதினான்காம் விதி நினைவுக்கு வந்தது:
வேலை நாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும்.
அதற்காக மறைத்தாயா,
எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வராமலா?
அதற்கெல்லாம் பத்தி கிடையாது.

நேரத்துக்கு ஒரு பத்தி வகை இருக்கிறது.
வாலைப் பார்த்துக் கணக்குப் போடும்,
உலகத்துக்கெல்லாம் பொதுவான நேரமாக்கும்,
பிறகு வாலை நறுக்கி எறிந்துவிடும்.
கணம் தப்பாது. இடம் போய்விடும்.
வால் வேண்டுமென்றால்
நான்தான் தனியாக இன்னொரு பத்தி கட்டவேண்டும்.
வரிசைக்கு இரண்டு பைட். அவ்வளவுதான் செலவு.

கட்டினேன். பெயரும் வைத்தேன்.
மாத்தே ஆறிக் கசந்தது.
அழித்தேன்.
மாநகராட்சி கேட்டது யார், எந்த நாள், எந்த வரி.
எங்கிருந்து என்று கேட்கவில்லை.
இது நியாயமா சால்ஜாப்பா,
விடிந்தபின் யோசிக்கலாம்.

புது முகவரியைப் பழைய எபெர் இதுர்ரால்தேயின் பேரில் சேர்த்து
மறுபடி ஓட்டினேன்.
பதினோராயிரத்துச் சொச்சம் வரிசைகள். பிழை ஒன்றுமில்லை.

நேரப்படி அடுக்கிப் பார்த்தபோது
மே மாதத்தில் ஒரு நாள்
இரண்டு வரிசைகள் தோள் உரசி நின்றன.
07:12, என்னுடையது.
இங்கே அப்போது நாலேகால் இருட்டு. தூக்கம் பிடிக்காமல்
ஞாயிற்றுக்கிழமைப் பேருந்துகளை மொத்தமாய் உடைத்துவைத்தேன்.
07:31, உன்னுடையது.
இவனுக்கும் தூக்கமில்லை போலும் என்று
அன்றைக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது எனக்கு.
அங்கே ஒன்பதரை, நல்ல வெயில், காபி குடித்திருப்பாய்.
செய்திப் பத்தியில்:
'ஞாயிறு சரியாச்சு. நேலிடா, போய்ப் படு.'

மாநகராட்சிக்கு இதுவும் போகிறது.