மாசிந்தியின் பக்கம்

எனக்கும் என் ஓரகத்திக்கும்
பேச்சு நின்று நான்கு மாதம்.
லாரிக்காரனிடம் சொன்னாளாம்,
என் பானை ஒழுகும் என்று.
ஒழுகியது ஒன்றுதான்.
அதுவும் போன மழைக்காலத்தில்.

கல் மட்டும் போக வர இருக்கிறது
முற்றத்தின் குறுக்கே,
அவள் மகள் ரோஃபிவாவின் கையில்.
புறாமுட்டை அளவு. தேன் நிறம்.
லெவுபு ஆற்றில் முதலை விழுங்கிக் கக்கியது
என்பான் என் புருஷன்.
முதலையைப் பற்றி அவனுக்கென்ன தெரியும்,
அவன் ஓட்டுவது தண்ணீர் டிராக்டர்.

பானை தோல்போல் இறுகும் பொழுது ஒன்று உண்டு.
விரல் வைத்தால் பதியாது, நகம் வைத்தால் பதியும்.
அந்த ஒரு பொழுதுக்குள்
வயிற்றில் காவி, தோளில் காரீயத்தூள் பூசி
கழுத்திலிருந்து அடிவரை தேய்த்துவிட வேண்டும்.
விட்டால் வெயில் எடுத்துக்கொள்ளும்.
யாருக்கு யார் பகை என்று அது கேட்காது.

வேறு கல் தேடாமலா இருந்தேன்?
மூன்று பொறுக்கி வந்தேன்.
ஒன்று கீறியது. ஒன்று கையில் நிற்கவில்லை.
மூன்றாவதால் கோழியை விரட்டினேன்.

இந்தக் கல்லில் இரண்டு வழுக்கு.
ஒன்று வலக்கைப் பெருவிரலுக்கு, அவளுடையது.
முதுகுப்பக்கம், எதிர்ச்சாய்வாக, என்னுடையது.
பீச்சாங்கைக்காரி வந்துவிட்டாள் என்று
என் கல்யாணத்தன்று சிரித்தவள் அவள்தான்.
பதினேழு வருஷம்
மாற்றி மாற்றித் தேய்த்திருக்கிறோம்.

மக்காடோவில் ஒரு சாவு.
சோளக்கள் ஊற்ற ஆறு பானை,
மூன்று அவளுக்கு, மூன்று எனக்கு.
இன்று காலை கேட்டனுப்பினேன்.
உடனே வந்தது.
ரோஃபிவா ஒன்றும் சொல்லவில்லை.
கல் கைச்சூட்டோடு இருந்தது, அடியில் ஈரக் காவி.
பாதிப் பானையில் நிறுத்தியிருக்கிறாள்.

நான் முடித்துவிட்டேன்.
என் பானையில் மருலா மரம் தெரிகிறது,
அதன்மேல் போன மேகமும்.
பொழுது சாய்ந்தது. கல்லை அனுப்பவில்லை.
ரோஃபிவா இரண்டு முறை வந்து
வாசலில் ஒற்றைக்காலில் நின்றுவிட்டுப் போனாள்.

இப்போது இருட்டு.
அவள் பக்கம் ஒரு விளக்கு.
பானைமேல் சாக்கைப் போர்த்தித்
தண்ணீர் தெளிக்கும் சத்தம்.
கல் என் இடக்கைக்குள்.
சும்மா வலக்கைக்கு மாற்றிப் பார்த்தேன்.
பெருவிரல் மாசிந்தியின் பக்கத்தில்
போய் உட்கார்ந்துகொண்டது,
என்னைக் கேட்காமல்.

நான்காம் முறை தெளித்தால்
எழுந்து போய்க் கொடுத்துவிடுவேன் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மூன்று.